கூண்டுக் கோழிக்கு வலிப்பது எப்படித் தெரியும்? விலங்கு நனவு: சொல், சான்று, சட்டம்

2024ஆம் ஆண்டு ஏப்ரல் 19 அன்று நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கூடிய அறிவியலாளர்களும் மெய்யியலாளர்களும் விலங்குகளின் நனவு குறித்து ஓர் அறிக்கை வெளியிட்டனர். கைப்பேசிக்குக் கைப்பேசி தாவும்போது அந்த அறிக்கை “பூச்சிக்கும் மனம் உண்டு என்று விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது” என்ற ஒற்றை வரியாகச் சுருங்கிவிடுகிறது. அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. அது சொன்னவை மூன்று. பாலூட்டிகளுக்கும் பறவைகளுக்கும் நனவு உண்டு என்பதற்கு வலுவான அறிவியல் ஆதரவு இருக்கிறது என்பது முதலாவது. மீன், தவளை, பாம்பு உள்ளிட்ட முதுகெலும்புள்ள அனைத்துக்கும், முதுகெலும்பற்றவற்றில் குறைந்தது ஆக்டோபஸ்-கணவாய் இனம், நண்டு-இறால் இனம், பூச்சிகள் ஆகியவற்றுக்கும் நனவு இருப்பதற்கு மெய்யான வாய்ப்பு உண்டு என்பது இரண்டாவது. அத்தகைய வாய்ப்பு இருக்கும்போது, அதைக் கணக்கில் கொள்ளாமல் அந்த உயிர்களைப் பற்றிய முடிவுகளை எடுப்பது பொறுப்பற்ற செயல் என்பது மூன்றாவது.

“வலுவான ஆதரவு” என்பதும் “மெய்யான வாய்ப்பு” என்பதும் வேறுவேறு எடையுள்ள சொற்கள். அந்த எடை வேறுபாட்டைப் புரிந்துகொள்வது மற்ற ஊர்களைவிடக் கொங்கு நாட்டுக்கு அதிகம் தேவைப்படுகிறது. நாமக்கல்லின் முட்டை, பல்லடத்தின் கறிக்கோழி, காங்கேயத்தின் காளை, உடுமலை, கோபி பகுதிகளின் பட்டுக்கூடு, ஆனைமலை அடிவாரத்து யானை என்று இந்த அறிக்கை பேசும் உயிர்களில் பெரும்பாலானவை இங்குள்ள மக்களின் அன்றாடப் பிழைப்போடு கட்டுண்டு கிடக்கின்றன.

சொற்களைப் பிரித்துக்கொள்ளுதல்

இந்த விவாதம் குழம்புவதற்கு முதல் காரணம், நான்கு வேறு பொருள்களை ஒரே சொல்லால் குறிப்பதுதான்.

1. தீங்குணர்வு. உடலைச் சேதப்படுத்தும் சூடு, வெட்டு, அமிலம் போன்றவற்றை நரம்பு முனைகள் கண்டறிந்து உடலை விலகச் செய்யும் ஏற்பாடு இது. இதற்கு மூளையின் உதவிகூடத் தேவையில்லை. கொதிக்கும் பாத்திரத்தில் பட்ட விரல், “சுடுகிறது” என்று நமக்குத் தெரியும் முன்பே தண்டுவடத்தின் கட்டளையால் பின்வாங்கிவிடுகிறது.

2. வலி. அந்தச் சேதம் ஒரு துன்பமாக உணரப்படுவது. மயக்க மருந்து கொடுக்கப்பட்ட நோயாளியின் உடலில் முதலாவது ஓரளவு நடந்துகொண்டிருக்கும், இரண்டாவது நடக்காது.

3. நனவு. வலி, சுவை, அச்சம், இதம் எதுவானாலும் அதை உள்ளிருந்து அனுபவிக்கும் ஒருவர் இருப்பது. 1974இல் தாமஸ் நேகல் என்ற அமெரிக்க மெய்யியலாளர் இதை வௌவாலைக் கொண்டு விளக்கினார். வௌவாலின் செவியமைப்பையும் எதிரொலிக் கணக்கையும் முழுவதும் அறிந்த பிறகும், வௌவாலாக இருப்பது வௌவாலுக்கு எப்படி இருக்கும் என்ற கேள்வி மிச்சமிருக்கும். அந்தக் கேள்விக்குப் பொருள் இருக்கும் வரை வௌவாலுக்கு நனவு உண்டு என்பது அவர் வாதம்.

4. தன்னறிவு. “இது நான்” என்று தன்னையே ஒரு பொருளாக அறிவது. இது நனவின் மேல்மாடி. கைக்குழந்தைக்கு இது இராது. ஆனால் கைக்குழந்தைக்கு வலிக்கும்.

முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள இடைவெளியைக் கொங்குக் கிராமத்தில் வளர்ந்தவருக்கு விளக்க ஆய்வகம் வேண்டியதில்லை. தலை அறுபட்ட சேவல் நாலடி தூரம் ஓடுகிறது. அந்த ஓட்டத்தில் நரம்பும் தசையும் இருக்கின்றன. துன்பப்படுவதற்கு ஆள் இல்லை. இன்னும் நுட்பமான எடுத்துக்காட்டு கோயிலில் கிடைக்கிறது. கிடாய் வெட்டுக்கு முன் அதன் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்து, அது உடம்பை உதறும் வரை காத்திருப்பார்கள். உதறினால் “துலுக்கிருச்சு” என்பார்கள். சாமியும் கிடாயும் சம்மதித்ததாகப் பொருள். முதுகில் நீர் பட்டால் ரோமமுள்ள விலங்குகள் உதறுவது உடலின் எதிர்வினை என்பதால், அந்த அசைவிலிருந்து சம்மதத்தைப் படிப்பது தவறு. அதே தர்க்கத்தால், ஒரு விலங்கு துள்ளுவதை மட்டும் வைத்து அதற்கு வலிக்கிறது என்று படிப்பதும் போதாது. அசைவுக்கு அப்பால் வேறு சான்று வேண்டும். (ஆயினும் சம்மதம் வேண்டும் என்று ஒரு சடங்கு நினைத்ததே கவனிக்கத்தக்கது, சம்மதம் கேட்கப்படுவது பொருள்களிடம் அல்ல.)

ஐந்தறிவு என்னும் பழைய அளவுகோல்

தமிழில் இந்தப் பேச்சு எழுந்தால் “ஐந்தறிவு ஜீவன்” என்ற தொடர் உடனே வந்துவிடும். அதன் மூலம் தொல்காப்பியத்தின் மரபியல். “ஒன்றறி வதுவே உற்றறி வதுவே” என்று தொடங்கி, தொடுகை, நாக்கு, மூக்கு, கண், செவி, மனம் என ஆறு அறிவுகளை அது அடுக்குகிறது. புல்லும் மரமும் ஓரறிவு, நந்தும் (நத்தை) முரளும் (சிப்பி) ஈரறிவு, சிதலும் (கரையான்) எறும்பும் மூவறிவு, நண்டும் தும்பியும் நான்கறிவு, விலங்குகள் ஐயறிவு, மக்கள் ஆறறிவு. பள்ளியில் இத்துடன் பாடம் முடிந்துவிடும். ஆனால் அதே மரபியல், “ஒருசார் விலங்கும் உளவென மொழிப” என்று, ஆறாவது அறிவு சில விலங்குகளுக்கும் உண்டு எனச் சொல்வாரும் உளர் என்பதைப் பதிந்துவைத்திருக்கிறது. உரை மரபில் குரங்கும் யானையும் இதற்குச் சான்றாகச் சொல்லப்படுகின்றன.

கொங்கு நாட்டோடு தொடர்புள்ள நூல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரத்தவராகக் கருதப்படும் பவணந்தி முனிவரின் நன்னூல், உரியியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஐயறிவு வரை ஐந்தாக மட்டுமே பகுக்கிறது. அதில் ஐயறிவு உயிர்களின் பட்டியலில் வானவர், மக்கள், நரகர், விலங்கு, பறவை ஆகிய அனைவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். மனிதனுக்கென்று தனி மாடி அங்கே இல்லை. விசயமங்கலம் போன்ற ஊர்களில் சமணம் செழித்திருந்த நாட்டில், சமண முனிவர் ஒருவர் எழுதிய இலக்கணத்தில் அப்படி இருப்பது வியப்பல்ல.

இதை வைத்துக்கொண்டு, நரம்பியல் இன்று கண்டதை நம் முன்னோர் அன்றே கண்டார்கள் என்று மார்தட்டுவதில் பொருளில்லை. இந்த நூல்கள் எண்ணியது புலன்களை, துன்பத்தை அல்ல. கண்ணும் செவியும் உள்ள ஒரு கருவி உலகை அறியலாம், அதற்கு எதுவும் வலிக்காமலே. எனினும் ஒன்று உண்மை. மனிதன் ஒருபுறம், மற்ற எல்லாம் மறுபுறம் என்று ஒரே கோடு கிழிக்காமல், படிப்படியான ஏறுவரிசையாக உயிர்களைப் பார்க்கும் பழக்கம் தமிழுக்குப் புதிதல்ல.

இரு பக்கமும் சறுக்கும் வரப்பு

விலங்கின் உள்ளத்தைப் பற்றிப் பேசுபவர் இரண்டு வகையாகத் தவறலாம்.

ஒன்று, இல்லாத மனத்தை ஏற்றிச் சொல்வது. பூம்பூம் மாட்டுக்காரர் கேட்கும் கேள்விக்கெல்லாம் மாடு தலையாட்டுகிறது. கேள்வியின் பொருள் மாட்டுக்குத் தெரியாது, ஆட்டுபவரின் கைக்குறிப்பு தெரியும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஹான்ஸ் என்ற குதிரை கூட்டல் கழித்தல் கணக்குகளுக்குக் குளம்பைத் தட்டி விடை சொல்லிப் புகழ்பெற்றது. கேள்வி கேட்பவரின் முகத்திலும் தலையிலும் தம்மையறியாமல் தோன்றும் சிறு அசைவைப் பார்த்தே அது தட்டுவதை நிறுத்துகிறது என்று 1907இல் ஆஸ்கார் ப்ஃபங்ஸ்ட் ஆய்ந்து காட்டினார். எளிய விளக்கம் போதுமான இடத்தில் உயர்ந்த மனத்தைத் துணைக்கு அழைக்காதே என்ற விதியை லாயிட் மார்கன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1894இலேயே எழுதியிருந்தார். ஹான்ஸுக்குப் பின் அது விலங்கியலின் வேதமாயிற்று.

மற்றொன்று, இருக்கும் மனத்தை மறுப்பது. விலங்குகள் நுட்பமான இயந்திரங்கள் என்று பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு மெய்யியலாளர் டேக்கார்ட் கூறியது முதல், இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை, வெளியே தெரியும் நடத்தையை மட்டும் அளப்போம், உள்ளே என்ன என்று கேட்கவேண்டாம் என்பதே அறிவியலின் வழக்கமாக இருந்தது. இந்த இரண்டாம் தவறு எச்சரிக்கை என்ற உடையில் வருவதால் தவறாகத் தோன்றுவதில்லை. முதல் தவறு செய்தவர் சிரிப்புக்கு ஆளாவார். இரண்டாவது தவறுக்கான விலையை மனிதர் யாரும் கொடுப்பதில்லை. அது நெடுங்காலம் நீடித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

சோதனைகள் எதை அளக்கின்றன?

துள்ளலையும் அலறலையும் தாண்டி, உள்ளே வலி என்ற அனுபவம் இருந்தால் மட்டுமே எதிர்பார்க்கத்தக்க நடத்தையைத் தேடுவதே இன்றைய முறை.

1. வலிநிவாரணியைத் தானே தேடுகிறதா? விரைவாக எடை கூடும்படி இனப்பெருக்கம் செய்யப்பட்ட கறிக்கோழிகளில் பல காலூனமுற்று நொண்டும். பிரிட்டனில் 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், அத்தகைய கோழிகளுக்குச் சாதாரணத் தீவனமும் கார்ப்ரோஃபென் என்ற வலிநிவாரணி கலந்த தீவனமும் வெவ்வேறு நிறத்தில் வைக்கப்பட்டன. நொண்டும் கோழிகள் மருந்துள்ளதையே கூடுதலாகத் தின்றன. ஊனம் மிகமிக அந்தத் தேர்வும் மிகுந்தது. நல்ல கால்களுள்ள கோழிகள் அப்படிச் செய்யவில்லை. அனிச்சைச் செயல் தீவனத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை.

2. பேரம் பேசுகிறதா? காலிச் சங்கில் குடியிருக்கும் நண்டுகளுக்குச் சிறு மின்னதிர்ச்சி கொடுத்து ராபர்ட் எல்வுட் குழுவினர் 2009இல் சோதித்தனர். தமக்கு விருப்பமான வகைச் சங்கில் இருந்தவை அதிர்ச்சியைப் பொறுத்துக்கொண்டன. பிடிக்காத வகையில் இருந்தவை எளிதில் வெளியேறின. 2022இல் பம்பிள் தேனீக்களிடமும் இதுவே காணப்பட்டது. இனிப்பு சமமாக இருக்கையில் சூடான தீனித்தட்டைத் தவிர்த்த தேனீக்கள், சூடான பக்கம் சர்க்கரை கூடுதலாக இருந்தபோது சூட்டை ஏற்றுக்கொண்டன. ஒரு துன்பத்தையும் ஒரு நன்மையையும் ஒரே தராசில் இடுவதற்கு இரண்டும் சேரும் ஓரிடம் உள்ளே இருக்கவேண்டும்.

3. இடத்தை வெறுக்கக் கற்றுக்கொள்கிறதா? ராபின் குரூக் 2021இல் செய்த சோதனையில், கையில் அமிலம் ஏற்றப்பட்ட ஆக்டோபஸ்கள், முன்பு தாம் விரும்பியிருந்த அறையையே பின்னர் ஒதுக்கின. மரத்துப்போகச் செய்யும் மருந்து கொடுக்கப்பட்டவை ஒதுக்கவில்லை.

4. மனநிலை மாறுகிறதா? மாடு வளர்ப்பவர்கள் அவசியம் அறியவேண்டிய சோதனை இது. கனடாவில் பால்மாட்டுக் கன்றுகளுக்கு ஒரு நிறம் தெரிந்தால் பால், மற்றொரு நிறம் தெரிந்தால் தண்டனை என்று பழக்கினார்கள். பிறகு இரண்டுக்கும் இடைப்பட்ட நிறத்தைக் காட்டினார்கள். பால் கிடைக்கும் என்று நம்பி அருகே வந்த கன்றுகள், கொம்பு முளையைச் சூட்டுக்கோலால் தீய்த்த பிறகு அதே நிறத்தைக் கண்டு தயங்கின. 2013இல் வெளியான இந்த முடிவுக்கு அடுத்த ஆண்டே, தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட கன்றுகளிலும் அதே தயக்கம் காணப்பட்டதாக மற்றோர் ஆய்வு வந்தது. நாம் சோர்ந்திருக்கும் நாளில் எதுவும் நல்லதாகப் படாமல் போகிறதே, அந்த மனச்சாய்வுதான் இங்கே அளக்கப்பட்டது.

5. பயனில்லாமல் விளையாடுகிறதா? 2022இல் லண்டனில் லார்ஸ் சிட்கா குழுவினரின் பம்பிள் தேனீக்கள், எந்தப் பரிசும் இல்லாமல் சிறு மரக்குண்டுகளை மீண்டும் மீண்டும் உருட்டின.

புகழ்பெற்ற கண்ணாடிச் சோதனை இந்தப் பட்டியலில் இல்லாததற்குக் காரணம் உண்டு. 1970இல் கோர்டன் காலப் சிம்பன்சிகளுக்காக வகுத்த அச்சோதனையில், உடலில் இடப்பட்ட குறியைக் கண்ணாடியில் பார்த்துத் தன் உடலில் தொட்டுப் பார்க்கிறதா என்று கவனிப்பார்கள். 2006இல் ஓர் ஆசிய யானையும், 2008இல் மேக்பை என்ற பறவையும், 2019இல் சிறு மீன் ஒன்றும் அதில் தேறின. அது அளப்பது தன்னறிவை. வலிக்கும் அதற்கும் தொடர்பில்லை. கண்ணாடியில் தன்னைத் தெரியாத நாய்க்கு அடி வலிக்காது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

உறுதி எங்கே தேய்கிறது?

பாலூட்டிகளிலும் பறவைகளிலும் நடத்தைச் சான்றோடு மூளைச் சான்றும் சேர்கிறது. பறவைகளுக்கு நம்மைப்போல் மடிப்புமடிப்பான மூளைப்புறணி (மூளையின் வெளி அடுக்கு) இல்லை என்பது நெடுநாள் மறுப்பாக இருந்தது. ஆனால் பாடும் பறவைகளிலும் கிளிகளிலும், அதே எடையுள்ள குரங்கு மூளையைவிட நரம்பணுக்கள் மிக நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதை 2016இல் எண்ணிக் காட்டினார்கள். நனவுக்கு அடிப்படையான நரம்பமைப்பு மனிதருக்கு மட்டும் உரியதல்ல என்று 2012ஆம் ஆண்டின் கேம்பிரிட்ஜ் அறிக்கை பறவைகளையும் ஆக்டோபஸையும் பெயர் சொல்லியே கூறியது.

மீன்களில் தகராறு நீடிக்கிறது. உதட்டில் அமிலம் ஏற்றப்பட்ட ட்ரௌட் மீன்கள் உணவை வெறுத்து, உதட்டைக் கூழாங்கற்களில் தேய்த்ததை 2003இல் லின் ஸ்னெடன் குழுவினர் பதிவு செய்தனர். மார்ஃபின் என்ற வலிநிவாரணி கொடுத்தபோது அது குறைந்தது. புறணி இல்லாத மூளையில் வலி தோன்ற இடமில்லை என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். பறவை விஷயத்தில் அதே மறுப்பு தோற்றுப்போனதை நினைத்தால், மீனிலும் அதன்மேல் அதிகப் பாரம் ஏற்றமுடியாது. பூச்சிகளில் சான்று இன்னும் மெல்லியது; ஒருசில இனங்களோடு நிற்கிறது.

நனவு உண்டா என்பதற்குச் சான்று கிடைத்தாலும், எவ்வளவு என்பதற்கு அளவுகோல் கிடையாது. ஒரு கோழியின் வலி ஒரு மாட்டின் வலியில் எத்தனை பங்கு என்று இந்தச் சோதனைகளில் எதுவும் சொல்லவில்லை.

வலிக்கிறது என்றால், அதனால் என்ன?

இங்கிருந்து கேள்வி அறிவியலை விட்டு அறத்துக்கு மாறுகிறது. 1789இல் வெளியான நூலொன்றில் ஆங்கிலேய மெய்யியலாளர் ஜெரமி பெந்தாம் எழுப்பிய கேள்வியே இன்றைய விலங்கறத்தின் அடித்தளம்: அவற்றால் சிந்திக்க முடியுமா, பேச முடியுமா என்பதல்ல கேள்வி; அவற்றால் துன்பப்பட முடியுமா என்பதே. தமிழில் “வாயில்லா ஜீவன்” என்கிறோம். கல்லை யாரும் அப்படிச் சொல்வதில்லை. முறையீடு இருந்தும் சொல்ல வாயில்லாததையே சொல்கிறோம்.

துன்பப்பட முடியும் என்று ஒப்புக்கொள்வது, அந்த விலங்கைப் பயன்படுத்தவே கூடாது என்ற முடிவுக்கு நேராக இட்டுச்செல்வதில்லை. சிலர் அங்கேதான் போகிறார்கள். சட்டங்கள் பெரும்பாலும் அதற்கு முன்பே நின்று, காரணமில்லாமல் துன்புறுத்தாதே என்பதோடு அமைகின்றன. சான்று முழுமையாகாத இடத்தில், கேட்டின் அளவுக்கும் தடுப்பின் செலவுக்கும் ஏற்ற முன்னெச்சரிக்கை போதும் என்ற வழியை, லண்டன் பொருளியல் கல்லூரியின் ஜோனதன் பேர்ச் முன்வைத்தார். அவர் குழுவின் 2021ஆம் ஆண்டு அறிக்கையின் பேரில், பிரிட்டன் தன் 2022ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தில் நண்டு, இறால், ஆக்டோபஸ் இனங்களையும் உணர்வுள்ள விலங்குகளாகச் சேர்த்தது.

இந்தியாவின் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் இதில் விநோதமானது. மனிதன் நீங்கலாக எந்த உயிரினமும் விலங்கு என்பது அதன் வரையறை. எழுத்தின்படி பட்டுப்புழுவும் அதற்குள் அடங்கும். அத்தனை அகலமாகக் கதவைத் திறந்துவிட்டு, உள்ளே விலக்குகளை வரிசையாக வைத்திருக்கிறது. விதிக்கப்பட்ட முறையில் கொம்பு தீய்த்தல், காயடித்தல், சூடு போடுதல், மூக்கணாங்கயிறு குத்துதல் குற்றமல்ல. தேவையற்ற துன்பம் இல்லாமல் உணவுக்காகக் கொல்வது குற்றமல்ல. மதம் வேண்டும் முறையில் கொல்வதும் குற்றமல்ல. கோயில் பலியைத் தடுக்கத் தமிழ்நாட்டுக்குத் தனியாக 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. 2003இல் அதை நடைமுறைப்படுத்த முயன்றபோது எழுந்த எதிர்ப்பால் அடுத்த ஆண்டே அது நீக்கப்பட்டது. 1960ஆம் ஆண்டுச் சட்டம் முதல் குற்றத்துக்கு எழுதிவைத்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை.

காளைக்குக் கூடிய கூட்டம்

2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் நாகராஜா வழக்கில் ஜல்லிக்கட்டைத் தடை செய்தபோது, விலங்குகளின் ஐந்து விடுதலைகளைப் பற்றிப் பேசியது: பசி தாகம், அச்சம், உடல் உபாதை, வலி அல்லது நோய் ஆகியவற்றிலிருந்து விடுபடுதல், இயல்பான நடத்தைக்கு இடம் பெறுதல். 2017இல் மெரினாப் போராட்டம், மாநிலச் சட்டத் திருத்தம். 2023 மே 18 அன்று ஐவர் அமர்வு அத்திருத்தத்தைச் செல்லும் என்றது. விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டு என்று கூற முன்னுதாரணம் இல்லை என்ற நிலைப்பாட்டையும் அந்த அமர்வு எடுத்தது.

ஒரு விலங்கின் துன்பத்தைப் பற்றித் தமிழ்நாடு இவ்வளவு நீண்ட காலம், இவ்வளவு சூடாக வேறு எப்போதும் பேசியதில்லை. காங்கேயம் இனத்தின் எதிர்காலமும் அந்தப் பேச்சில் அடங்கியிருந்ததால், கொங்குப் பகுதி அதில் முழுமூச்சாக இருந்தது. யானைக்கும் அப்படித்தான். தடாகம் பகுதியில் சுற்றிய சின்னத்தம்பி என்ற காட்டு யானை 2019 ஜனவரியில் பிடிக்கப்பட்டு டாப்சிலிப் அருகே விடப்பட்டு, சில நாட்களிலேயே உடுமலை, மடத்துக்குளம் பக்கம் இறங்கி வந்து, பிப்ரவரியில் மீண்டும் பிடிபட்டு வரகளியாறு மரக்கூண்டுக்குள் போனது வரை, ஒவ்வொரு நாளும் அது செய்தியாக இருந்தது.

காளையும் யானையும் இந்தக் கவனத்துக்குத் தகுதியற்றவை என்பதல்ல. கிளுவை வேலி போட்ட கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) கொழுக்கட்டைப் புல் மேய்ந்து, வெள்வேல மர நிழலில் அசைபோடும் காங்கேயம் மாடு, ஐந்து விடுதலைகளில் பெரும்பாலானவற்றை ஏற்கெனவே பெற்றிருக்கிறது என்பதே குறிப்பிடத்தக்கது. நம் அக்கறை, பெயரும் முகமும் உள்ள விலங்கைத் தேடிச் செல்கிறது. துன்பத்தின் சான்று அந்த வழியில் செல்வதில்லை.

பட்டுக்கூடு மறுகோடி. நூல் அறுபடாமல் கிடைக்க, கூட்டுப்புழு அந்துப்பூச்சியாகி வெளியேறும் முன்பே வெப்பத்தால் கொல்லப்படுகிறது. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள். தேனீயிடம் கண்ட சான்றை, உருமாற்றத்தின் நடுவே நரம்பு மண்டலமே மாற்றியமைக்கப்படும் கூட்டுப்புழுவின் மேல் அப்படியே பொருத்த முடியாது. எண்ணிக்கை பெரிது, வாய்ப்பு சிறிது. இங்கே உடனடியாகச் செய்யத்தக்கது, சாவு விரைவாக நிகழ்வதை உறுதி செய்யும் அளவுக்கு மேல் அதிகமில்லை.

சான்று வலுத்தும் கவனம் மெலிந்தும் இருக்கும் இடம்

அது கோழிக் கொட்டகை. ஆண்டுக்கு ஏறத்தாழ 300 முட்டையிடும் நாமக்கல் கோழி, முட்டைப் பருவம் தொடங்கியது முதல் கழிக்கப்படும் வரை, ஓராண்டுக்கு மேல் கம்பிக் கூண்டில் வாழ்கிறது. பல பண்ணைகளில் ஒரு கோழிக்குக் கிடைக்கும் தரை, 624 சதுர சென்டிமீட்டர் உள்ள ஏ4 தாளைவிடச் சிறியது. அந்த வாழ்க்கையில் அறத்தளவில் கேள்விக்குரியவை:

1. அலகு வெட்டு. நெருக்கத்தில் ஒன்றையொன்று கொத்தாமலிருக்கக் குஞ்சுப் பருவத்தில் சூடான தகட்டால் அலகு நுனி வெட்டப்படுகிறது. அலகு நகம்போல் உணர்வற்றதல்ல, நரம்பு செறிந்தது. வெட்டிய இடத்தில் நரம்பு முடிச்சுகள் உருவாவதை 1980களில் மைக்கேல் ஜென்டில் காட்டினார். கை கால் இழந்த மனிதருக்கு நீடித்த வலி தருவன அத்தகைய முடிச்சுகள்தாம். இளங்குஞ்சில் செய்தால் பாதிப்பு குறைவு, வளர்ந்த கோழியில் அதிகம்.

2. கூடு தேடல். முட்டையிடும் முன் மறைவான இடம் தேடுவது கோழிக்குள் ஊறியது. கூட்டுக்குச் செல்லக் கனமான கதவைத் தள்ளவேண்டும் என்று வைத்தாலும், முட்டை வரும் நேரம் நெருங்க நெருங்கக் கோழிகள் தள்ளுகின்றன. கம்பித் தரையில் மண்ணே இல்லாதபோதும் மண்குளியலின் அசைவுகளைச் செய்து பார்க்கின்றன. பசியோ நோயோ இல்லாத துன்பம் இது. கூண்டின் கணக்கேட்டில் இதற்குப் பத்தி இல்லை.

3. சேவல் குஞ்சு. முட்டை இனத்துச் சேவல் முட்டையும் இடாது, கறிக்கும் தேறாது என்பதால் பொரித்த அன்றே ஒழிக்கப்படுகிறது. ஜெர்மனி 2022 தொடக்கத்திலிருந்து இதைத் தடை செய்தது. முட்டைக்குள்ளேயே பாலினம் அறியும் கருவிகள் அங்கே பயன்படுகின்றன.

வெறும் கூண்டுகளை ஐரோப்பிய ஒன்றியம் 2012 ஜனவரி முதல் தடை செய்தது. அங்கே பதிலாக அனுமதிக்கப்பட்ட கூண்டில் ஒரு கோழிக்கு 750 சதுர சென்டிமீட்டரும் கூடும் அமர்கட்டையும் வேண்டும். இந்தியச் சட்ட ஆணையம் 2017ஆம் ஆண்டு 269ஆம் அறிக்கையில் முட்டைக்கோழி, கறிக்கோழி இரண்டின் வளர்ப்பு நிலைமைகளையும் தனியே எடுத்துப் பேசியது.

எதிர்வாதம் வலுவானது. சத்துணவுத் திட்டத்தில் பள்ளி நாள்தோறும் தட்டில் விழும் முட்டை, பல வீடுகளில் குழந்தைக்குக் கிடைக்கும் ஒரே விலங்குப் புரதம். முட்டை விலை கூடினால் முதலில் பாதிக்கப்படுவது அந்தத் தட்டு. ஆனால் இந்த வாதம் முட்டைக்குப் பொருந்துகிறதே தவிர, முட்டையைச் சுற்றி நடக்கும் எல்லாவற்றுக்கும் பொருந்துவதில்லை. அலகு வெட்டுவதை இளவயதிலேயே முடிப்பது, தேர்ந்த ஆளை மட்டும் அமர்த்துவது, நொண்டும் பறவையைக் காலம் கடத்தாமல் பிரித்தெடுப்பது ஆகியவை முட்டை விலையைப் பெரிதாக உயர்த்துபவை அல்ல.

கறிக்கோழியில் பொறுப்பு யாருடையது என்பதே தனிக் கேள்வி. பல்லடம் வட்டாரத்தில் வேரூன்றிய ஒப்பந்த வளர்ப்பில் குஞ்சு, தீவனம், மருந்து மூன்றும் நிறுவனத்துடையவை. கொட்டகையும் மின்சாரமும் உழைப்பும் விவசாயியுடையவை. ஆறு வாரத்துக்குள் இரண்டு கிலோ எட்டும் பறவையின் எடைக்கு ஏற்ப விவசாயிக்கு வளர்ப்புக் கூலி கிடைக்கிறது. காலுக்குத் தாங்காத வேகத்தில் உடல் வளரும் இனத்தைத் தேர்ந்தெடுப்பவர் விவசாயி அல்ல; எத்தனை குஞ்சு இறக்குவது என்பதிலும் அவர் சொல்லுக்குப் பெரிய இடமில்லை. ஆனால் அதிகாரி கொட்டகைக்கு வந்தால் எதிரே நிற்பவர் அவர்தான். 2000ஆம் ஆண்டின் அந்தச் சோதனையில் நொண்டும் கோழி எந்தத் தட்டைத் தேர்ந்தெடுத்தது என்பதை அறிந்த பிறகு, அதன் காலுக்கு யார் பதில் சொல்வது என்ற கேள்வியை வளர்ப்பு ஒப்பந்தத்தின் எந்தப் பக்கத்துக் கையெழுத்திடம் கேட்பது என்பது இன்னும் முடிவாகவில்லை.